மூன்றாம் அத்தியாயம்: பதினாறணாக் கணக்கு

ரூபாய்க்கு நூறு காசு என்னும் தசாம்ச நாணயம் 1957ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தபோது, இராஜபாளையத்துப் பஞ்சுக் கடைகளில் அணாவும் ரூபாயுமாகக் கூட்டிக் கழித்துக் கைதேர்ந்திருந்த கணக்கப்பிள்ளைகள் எவ்வளவு சலித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போலச் சுபாவமாக வந்த கணக்கு. மூன்று ரூபாய் பதின்மூன்று அணாவோடு ஐந்தணாவைக் கூட்டினால் நான்கு ரூபாய் இரண்டணா என்று சொல்ல அவர்களுக்குக் காகிதமும் பென்சிலும் வேண்டியதில்லை. அந்தப் பெரியவர்களுள் ஒருவரை இன்று நம் மேஜைமீதிருக்கும் பிபிசி மைக்ரோவின் முன்னே உட்கார வைத்தால், அசெம்பிளி பாஷையைக் கற்கப் புகும் நம் பிள்ளைகள் முதன்முதலில் இடறி விழுகிற இடத்தை அவர் அனாயாசமாகத் தாண்டிப் போய்விடுவார் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் இந்த யந்திரம் கணக்கிடுவது பதினாறணாக் கணக்கில்தான்.

நினைவகத்தின் ஓர் அறைக்குப் பைட் என்று பெயர். அதில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். அதற்கு மேல் அதில் இடமில்லை. இதை ஒரு சிறிய பணப்பையாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அந்தப் பை அதிகபட்சமாகப் பதினைந்து ரூபாய் பதினைந்து அணாவைத் தாங்கும். பதினைந்து பதினாறுகள் 240, அதனோடு பதினைந்து சேர 255. இன்னும் ஓரணா போட்டால் பை காலியாகிவிடும். ஆனால் பதினாறு ரூபாய் நிறைந்தது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு கொடி உயரும். 65 என்ற எண் நான்கு ரூபாய் ஓரணா. ஆகையால் பதினாறடி எண்முறையில் அதை நான்கு, ஒன்று என்று எழுதுகிறார்கள். பத்து முதல் பதினைந்து வரையுள்ள அணாக்களுக்குத் தனி இலக்கம் இல்லாமையால் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துக்களைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். புதியவர்களை மிரட்டுவது அந்த ஆறு எழுத்துக்களே தவிர வேறில்லை. பிபிசி பேசிக் சாதாரண எண்களையும் ஏற்றுக்கொள்கிறபடியால் இந்த நூலில் சாதாரண எண்களையே உபயோகிக்கிறேன். ஆனால் மனத்துக்குள் அவற்றை ரூபாய் அணாவாக மாற்றிப் பார்க்கும் அப்பியாசத்தை வாசகர்கள் கைவிடலாகாது. ஆணைகளின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலித்தபடியே எழுதியிருக்கிறேன்; எல்டிஏ என்று படித்தால் அந்த மூன்று ஆங்கில எழுத்துக்களை விசைப்பலகையில் தட்ட வேண்டும்.

எத்தனையோ பழைய யந்திரங்கள் இருக்க இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனியார் 1981ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட இந்த யந்திரம், 1984-85இல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ் 250 பள்ளிக்கூடங்களில் கணினிக் கல்வியைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தபோது நம் தேசத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. பிற்பாடு மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனத்தார் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே இதைத் தயாரிக்கவும் செய்தார்கள். நம் பக்கத்தில், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி தோன்றியதும் அதே 1984இல்தான். ஆனால் பொறியியற் கல்லூரிகளில் யந்திர பாஷை என்றால் 8085 கிட் என்றே வழங்கி வந்தது. ஆறு சிவப்பு இலக்கங்கள் மினுங்கும் அந்தப் பலகையில் ஆணைகளின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தேர்வு எழுதியவர்களில் பலர் அதோடு அந்த வித்தைக்கே தலைமுழுகிவிட்டார்கள். அவர்கள்மேல் பிழையில்லை. எண்ணைத் தட்டினால் எண் தெரிகிறது. படமில்லை, ஓசையில்லை, திருத்துவதற்கு வசதியில்லை. பிபிசி மைக்ரோவிலோ அசெம்பிளரே பேசிக்கின் வயிற்றுக்குள் குடியிருக்கிறது. அந்தப் பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். இவரே பின்னர் ஸ்டீவ் ஃபர்பரோடு சேர்ந்து ஆர்ம் என்னும் செயலியை வகுத்தார். 1985இல் பிறந்த அந்தச் செயலியின் சந்ததிதான் உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியை இயக்குகிறது.

1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் குழுமம் இரண்டு தலைமுறைக்குள் மென்பொருள் கம்பெனியும் நடத்தத் தொடங்கிவிட்டது. இந்த நூல்மில் ஊரில் கணினி அந்நியப் பொருளன்று என்பதற்காக இதைச் சொன்னேன், விஷயத்துக்கு வருவோம்.

பழைய யந்திரம் கிடைத்தவர்கள் அதன் மின்வழங்கியைத் திறந்து, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டிக் கபாசிட்டர்களை மாற்றாமல் ஒருபோதும் சுவிட்சைப் போடாதீர்கள். நாற்பது வருஷத்தில் அவற்றின் மேலோடு விரிசல் விட்டு ஈரம் புகுந்திருக்கும். போட்ட சில நிமிஷங்களில் வெடித்து, வீடெல்லாம் புகைநாற்றம் எழும்பும். மில்களுக்கு அருகே குடியிருப்பவர்கள் விசைகளுக்கடியில் படியும் பஞ்சுத் தூசியையும் மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். யந்திரமே கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஜேஎஸ்பீப், பீப்எம் முதலிய போலி யந்திரங்களில் இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு வரியும் அப்படியே வேலை செய்யும்.

யந்திரத்தின் இருதயமாகிய 6502 செயலி 1975இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து, அந்நாளைய விலைவாசியையே கலகலக்கச் செய்தது. சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களும் 56 ஆணைகளும் கொண்ட சிறு பொருள் இது. ஒரு மனிதன் தன் மனத்துக்குள் முழுமையாக வைத்துக்கொள்ளத் தக்க கடைசித் தலைமுறைச் செயலிகளில் இது ஒன்று என்பதே இதைக் கற்பதற்கு நான் சொல்லும் பிரதான நியாயம். நமக்கு வேண்டிய ரிஜிஸ்டர்கள் மூன்று. ஏ என்பது கல்லாப்பெட்டி. கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கேதான் நடக்கும். எக்ஸ், ஒய் இரண்டும் எண்ணிக்கொண்டு போகும் விரல்கள். இவை மூன்றும் தலைக்கு ஒரு பைட்தான். இவற்றின் பக்கத்தில், நடந்த காரியத்தின் விளைவைக் காட்டும் கொடிகள் சில உண்டு. அவற்றுள் பூஜ்யக் கொடியையும், கேரி என்னும் மீதிக் கொடியையும் இப்போதைக்கு அறிந்தால் போதும்.

முதற் காரியமாக ஒரு மணியடிப்போம். பேசிக்கில் டிம் என்ற சொல்லுக்குப் பின் ஒரு பெயரும், இடைவெளி விட்டு 100 என்ற எண்ணும் எழுதினால், 0 முதல் 100 வரை 101 பைட் இடம் நமக்கு ஒதுக்கப்படும். அந்த இடத்தின் ஆரம்பத்தைப் பி என்ற எழுத்தும் சதவீதக் குறியும் சேர்ந்த மாறிக்குக் கொடுங்கள். பிறகு சதுர அடைப்பைத் திறந்தால் அசெம்பிளர் விழித்துக்கொள்ளும். உள்ளே மூன்றே வரிகள்: எல்டிஏ எண்குறி 7; ஜேஎஸ்ஆர் 65518; ஆர்டிஎஸ். அடைப்பை மூடி ரன் கொடுத்தபின், கால் என்ற பேசிக் சொல்லோடு அந்தப் பெயரைத் தட்டினால் யந்திரம் ஒருமுறை ஒலிக்கும். 7 என்பது மணியின் எண். 65518 என்பது ஏ ரிஜிஸ்டரில் உள்ளதைத் திரைக்கு அனுப்புகிற இயக்கத்தளத்து வாசல். ஆர்டிஎஸ் என்றால் வந்த வழியே திரும்பு என்று பொருள். ரன் கொடுத்தபோது திரையில் ஓடிய பட்டியலைக் கவனித்தீர்களானால் நம் மூன்று வரிகளும் ஆறு பைட்டுகளாகியிருப்பது தெரியும். அவற்றைச் சாதாரண எண்ணில் எழுதினால் 169, 7, 32, 238, 255, 96. 65518 என்பதில் 255 இருநூற்றைம்பத்தாறுகளும் சில்லறை 238உம் இருக்கின்றன. சில்லறையை முன்னும் நோட்டைப் பின்னும் வைப்பது இந்தச் செயலியின் சம்பிரதாயம். எண்குறியை விட்டுவிட்டு வெறும் 7 என்று எழுதினால் 7 என்ற எண்ணுக்குப் பதிலாக 7ஆம் அறையில் இருப்பது எதுவோ அது வரும். 'ஏழு ரூபாய் கொடு' என்பதற்கும் 'ஏழாம் நம்பர் வீட்டில் இருப்பதைக் கொடு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இனி, இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல வந்த விஷயம். கடைகளில் பேரேட்டுக்கு முன்னால் சிட்டை என்று ஒன்று உண்டு. அன்றன்று நடந்ததை நடந்தபடியே, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்துக்கொள்கிற நோட்டு அது. அசெம்பிளி பாஷை கற்பவனுக்கும் சிட்டை வேண்டும். கோடு போட்ட காகிதத்தில் ஏ, எக்ஸ், ஒய், மீதி என்று நான்கு பத்திகளும், உபயோகிக்கிற நினைவக அறைகளுக்கு ஒவ்வொரு பத்தியும் கீறிக்கொண்டு, ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு வரியாக, அந்த ஆணை முடிந்தவுடன் எந்தப் பத்தியில் என்ன இருக்கும் என்பதை எழுதுங்கள். எழுதிய பிறகே யந்திரத்தில் ஓட்டுங்கள். மாலை வேளைகளில் என்னிடம் கற்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸேறி வரும் பையன்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பார்கள். யந்திரமே விடை சொல்லும்போது காகிதத்தில் ஏன் மாரடிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். யந்திரம் சொல்லும் விடை சரியா தப்பா என்பதை யார் சொல்வது என்று நான் கேட்பேன்.

சிட்டையின் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு கோலம் போட்டுப் பார்க்க வேண்டும். மார்கழியில் ஆண்டாள் கோயில் மாடவீதிகளில் விடியற்காலம் நடந்திருப்பவர்களுக்கு, பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை என்றால் விளக்கம் தேவையில்லை; நடு வரிசையில் பதினைந்து புள்ளி, அதற்கு மேலும் கீழும் இடைகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் நிறுத்துவது. ஆக, பதினைந்து வரிசைகள், 169 புள்ளிகள். (169 என்பதே மேலே கண்ட எல்டிஏயின் எண்ணாகவும் இருப்பது தற்செயல்.) தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974இலேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்து உலகத்தார் படிக்க வெளியிட்டார்கள், ஆகவே கோலத்தை இங்கே இழுத்து வந்தது என் விபரீத புத்தி என்று எவரும் நினைக்க வேண்டாம்.

மோட் 7 என்னும் திரையில் வரிசைக்கு 40 கட்டங்களாக 25 வரிசைகள் உண்டு. இடது மேல் மூலைக் கட்டம் 31744ஆம் அறை. சில்லறை 0, நோட்டு 124. அந்த அறையில் 42 என்று வைத்தால் திரையில் ஒரு நட்சத்திரம் தோன்றும். ஒவ்வொரு முறையும் முதலில் மோட் 7 என்று கட்டளையிட்டே தொடங்குங்கள். திரை ஒருமுறை மேலே நகர்ந்துவிட்டால் மூலைக்கட்டம் வேறு அறைக்குப் போய்விடும், பிறகு நம் கணக்கு செல்லாது. வரிசை ஆரம்பத்தின் சில்லறையை 112ஆம் அறையிலும் நோட்டை 113ஆம் அறையிலும் வைத்துக்கொள்வோம். 112 முதல் 143 வரையுள்ள அறைகளைப் பேசிக் நமக்கென்றே விட்டுவைத்திருக்கிறது. முதல் வரிசையில் புள்ளி 12ஆம் கட்டத்தில் ஆரம்பித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டு வைக்க வேண்டும். ஆரம்பமாகிய 12ஐ 115ஆம் அறையிலும், நிறுத்த வேண்டிய 28ஐ 114ஆம் அறையிலும் இடுங்கள். உட்சுற்று இப்படி அமையும்: ஒய்யில் 115இன் சரக்கை ஏற்று, ஏயில் 42ஐ ஏற்று, 112 காட்டும் இடத்திலிருந்து ஒய் தள்ளியுள்ள கட்டத்தில் ஏயை வை, ஒய்யை இருமுறை உயர்த்து, 114இல் உள்ளதோடு ஒப்பிடு, சமமாகாவிட்டால் மறுபடியும் வை. இந்தக் கடைசி ஆணைக்குப் பிஎன்இ என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரை அருகில் வைத்துக்கொண்டு பால்கோவாவை உதாரணம் காட்டாமல் விட்டால் ஊரார் மன்னிக்க மாட்டார்கள்: பதம் வரவில்லையா, மறுபடியும் கிண்டு, வந்துவிட்டதா, இறக்கு.

அடுத்த வரிசைக்கு ஆரம்பத்தை ஒன்று குறைத்து, முடிவை ஒன்று கூட்டுங்கள். நடு வரிசைக்குப் பிறகு இது தலைகீழாகும். வரிசையின் விலாசமோ 40 கூட வேண்டும். இங்கேதான் பதினாறணாக் கணக்கு வேலைக்கு வருகிறது. 40 என்பது இரண்டரை ரூபாய்; ஏழாவது வரிசைக்கு வரும்போது 112ஆம் பையில் 240, அதாவது பதினைந்து ரூபாய் சேர்ந்திருக்கும். அதனோடு இரண்டரையைச் சேர்த்தால் பதினேழரை. பையோ பதினாறு ரூபாயைத் தாங்காது. அந்தப் பதினாறும் மீதிக் கொடியாக உயர்ந்துவிட, பையில் ஒன்றரை ரூபாய், அதாவது 24 மட்டும் மிஞ்சும். அந்த மீதியை 113ஆம் அறையில் சேர்க்க மறந்தவனுடைய கோலத்தில், பதினைந்து புள்ளிகளைக் கொண்ட நடு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகள் திரையின் உச்சியில் முதல் இரண்டு வரிசைகளோடு போய்க் கலந்திருக்கும். கீழ்ப்பாதியும் அதைத் தொடர்ந்து மேலே ஏறி மேற்பாதியை மிதிக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் யந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். சிட்டை எழுதியவன் 240க்குக் கீழே 24 என்று எழுதும்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

சரியான வரிசை இது: சிஎல்சி, எல்டிஏ 112, ஏடிசி எண்குறி 40, எஸ்டிஏ 112, எல்டிஏ 113, ஏடிசி எண்குறி 0, எஸ்டிஏ 113. பூஜ்யத்தைக் கூட்டுவது வீண் வேலையாகத் தோன்றலாம். இந்தச் செயலியில் கூட்டல் என்றாலே மீதியையும் சேர்த்த கூட்டல்தான் என்பதால், மீதி இருந்தால் அந்தப் பூஜ்யம் ஒன்றாகிவிடும். அதே காரணத்தால்தான் முதலில் சிஎல்சி கொண்டு கொடியை இறக்குகிறோம். அதை விட்டுவிட்டால் வருகிற வேடிக்கை நுட்பமானது. உட்சுற்று, ஒய்யும் 114இன் சரக்கும் சமமாகும்போது முடிகிறதல்லவா? சமமான ஒப்பீடு மீதிக் கொடியை உயர்த்திவிட்டே போகும். ஆகையால் ஒவ்வொரு வரிசைக்கும் 40க்குப் பதில் 41 கூடும். கோலம் அதிகம் சிதையாது, ஒவ்வொரு வரிசையும் ஒரு கட்டம் வலப்புறம் நகர்ந்து, வாசற்படியில் சாய்த்து வைத்த படம்போல் கோணலாக நிற்கும். இந்தப் பிழையை ஒருமுறை கண்ணால் கண்டவர் ஆயுள் பரியந்தம் மறக்கமாட்டார். ஆகவே வேண்டுமென்றே ஒருமுறை சிஎல்சியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று சிபாரிசு செய்கிறேன்.

கழித்தலில் எல்லாம் தலைகீழ்: முதலில் கொடியை ஏற்ற வேண்டும், கடன் வாங்கினால் அது இறங்கும். பெருக்கல் வகுத்தலுக்கு ஆணையே கிடையாது. ஆனால் எல்எஸ்ஆர் என்னும் ஆணை உள்ளதைப் பாதியாக்கும். படியை உரியாகவும், உரியை உழக்காகவும், உழக்கை ஆழாக்காகவும் அளந்த நம் பாட்டிமார் செய்ததும் அதுவே. ஏஎஸ்எல் அதன் எதிர்வழி. பத்தால் பெருக்க வேண்டுமா? இரண்டால் பெருக்கியதையும் எட்டால் பெருக்கியதையும் கூட்டிவிடுங்கள்.

கோல நிரலில், ஆணைகளின் விலாசத்துக்கு நாம் இடும் பெயர்களாகிய லேபிள்கள் வருவதால் அசெம்பிளரை இரண்டு முறை ஓட்ட வேண்டும். பின்னால் வரப்போகும் லேபிளின் விலாசம் முதல் ஓட்டத்தில் அதற்குத் தெரியாது. சதுர அடைப்பு முழுவதையும் ஒரு ஃபார் சுற்றுக்குள் வைத்து, பட்டியலையும் பிழையறிவிப்பையும் கட்டுப்படுத்துகிற ஆப்ட் என்பதற்கு முதல் தடவை 0உம் இரண்டாம் தடவை 3உம் கிடைக்கும்படி செய்யுங்கள். பி மாறிக்கு விலாசம் கொடுக்கிற வரி சுற்றுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டாம் ஓட்டம் முதலாவது முடிந்த இடத்திலிருந்து தொடங்கும். கால் கொடுத்தால் அரைகுறையான முதற் பிரதி ஓடும்.

கால் கொடுப்பதற்கு முன் சேவ் செய்யுங்கள். சுற்றில் மாட்டிக்கொண்ட யந்திரத்தைப் பிரேக் விசையால் மீட்டு, ஓல்டு என்று தட்டினால் நிரல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்ற தைரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதியதை நான் சேவ் செய்யாமல் ஓட்டினேன். 113ஆம் அறையில் தப்பான எண் இருந்தபடியால் நட்சத்திரங்கள் திரைக்குப் போகாமல் என் பேசிக் நிரலின்மேலேயே விழுந்தன. ஓல்டு என்றதற்கு யந்திரம் 'பேட் புரோகிராம்' என்று இரண்டு சொல்லில் பதில் சொல்லிற்று. டேப் ரிக்கார்டர் இல்லாதவர்கள் அந்தக் கம்பியைக் கைப்பேசியோடு இணைத்து ஓசையைப் பதிவு செய்துகொள்ளலாம். அதையே திரும்ப ஒலிக்கவிட்டால் யந்திரம் வாசித்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், 169 புள்ளிகளும் இரண்டு மில்லிவிநாடிக்குள் திரையில் இருக்கும். ஒவ்வொன்றாக வருவதைக் கண் பார்க்காது. அதன்பின் அப்பியாசமாக இதையே இருபத்தொரு புள்ளிக் கோலமாக, ஊடுபுள்ளி பதினொன்று வரை விரித்து எழுதுங்கள். ஆரம்பம் 10, முடிவு 32, வரிசைகள் இருபத்தொன்று. நடு வரிசையில் ஆரம்பம் 0ஆகவும் முடிவு 42ஆகவும் ஆகிவிடும். திரையிலோ வரிசைக்கு 40 கட்டங்கள்தாம். அந்த வரிசையின் இருபத்தோராவது புள்ளி எங்கே போய் விழும் என்பதைச் சிட்டையில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு ஓட்டுங்கள்.